தோற்றவர் பெயரில் ஒரு வெற்றிப் படம்

பரணி என்னும் நூல்வகை வென்றவனைப் புகழ்வது. ஆயினும் தோற்றவர் பெயரால் வழங்குவது. இம்மரபைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். கலிங்கப் போரில் வெற்றி கண்டவர் சோழர். அவ்வெற்றியைச் செயங்கொண்டார் பாடிய நூலுக்கோ கலிங்கத்துப்பரணி என்று பெயர். நூலின் முகப்பிலே கலிங்கம் நிற்கிறது; களத்திலே கலிங்கர் வீழ்ந்து கிடக்கின்றனர்; புகழ் முழுதும் சோழரைச் சேர்கிறது.

மேலைத் திரையுலகிலும் இத்தகைய பரணி ஒன்று தோன்றியது. அதன் பெயர் ‘ஜூலு’. தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் 1879இல் நடந்த போரின் ஒரு பகுதியே அப்படத்தின் கதை. ஜான் பிரெபிள் என்னும் எழுத்தாளரும் இயக்குநர் சை எண்ட்பீல்டும் திரைக்கதை அமைத்தனர். நடிகர் ஸ்டான்லி பேக்கர், எண்ட்பீல்டுடன் சேர்ந்து படத்தைத் தயாரித்ததோடு தலைமைப் பாத்திரத்தையும் ஏற்றார். போர் நடந்த அதே சனவரி 22ஆம் நாளில், சரியாக 85 ஆண்டுகள் கழித்து, 1964இல் அது இலண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. போர்ப் படங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றென அதனைக் கொண்டாடுவோர் இன்றும் பலர். அந்தப் புகழ் தகுதியற்ற புகழ் அன்று. ஆயினும் குறையுள்ள படம் நன்றாகவும் அமைந்துவிட்டால், குறை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மோசமான படம் ஒருவரையும் ஏமாற்றுவதில்லை. நல்ல படத்தையே கூர்ந்து ஆராய வேண்டியிருக்கிறது.

போர் மூண்ட வகை

படத்தை எடைபோடுவதற்கு முன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கீழைக் கரையில் நேட்டால் என்னும் பிரிட்டிஷ் குடியேற்ற நாடு இருந்தது. அதற்கு வடக்கே, ஆற்றுக்கு அப்பால், ஜூலு மக்களின் தனியரசு இருந்தது. அதன் மன்னன் செட்சுவாயோ. தென்னாப்பிரிக்கப் பகுதிகள் அனைத்தையும் ஒரே குடைக்கீழ்க் கொணர வேண்டும் என்னும் திட்டத்தோடு வந்தவர் உயர் ஆணையர் சர் பார்ட்டில் பிரியர். இவர் முன்னர்ப் பம்பாய் மாநில ஆளுநராக இருந்தவர். வலிமை மிக்க படையுடைய தனியரசு ஒன்று அருகில் இருப்பது இவர் திட்டத்துக்குத் தடையாகத் தோன்றிற்று.

அவ்வேளையில் ஜூலு நாட்டின் எல்லைத் தகராறு ஒன்றை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அக்குழு 1878இல் பெரும்பாலும் ஜூலு மக்களின் பக்கமே நியாயம் கண்டது. பிரியர் அம்முடிவை உடனே வெளியிடவில்லை. 1878 டிசம்பர் 11ஆம் நாள் அதனை அறிவித்தபோது, கூடவே ஓர் இறுதி எச்சரிக்கையையும் விடுத்தார். மன்னன் தன் படையமைப்பைக் கலைத்துவிட வேண்டும். பிரிட்டிஷ் பேராளர் ஒருவரை ஏற்க வேண்டும். தவணை முப்பது நாள். தன்மானமுள்ள எந்த மன்னனும் ஏற்க முடியாத கட்டளை அது. ஏற்கக்கூடாது என்றே எழுதப்பட்ட கட்டளை என்றாலும் பொருந்தும். இலண்டன் அரசாங்கம் அப்போது இந்தப் போரை விரும்பவில்லை. ஆனால் செய்தி போய்வர வாரக் கணக்காகும் காலம் அது. 1879 சனவரி 11ஆம் நாள் தவணை முடிந்ததும் செம்ஸ்போர்டு பிரபுவின் படை ஜூலு நாட்டுக்குள் புகுந்தது.

பதினொரு நாள் கழித்து, சனவரி 22ஆம் நாள், இசாண்டுல்வானா மலையடியில் இருந்த பிரிட்டிஷ் பாசறையை ஏறத்தாழ இருபதாயிரம் ஜூலு வீரர் வளைத்தனர். செம்ஸ்போர்டு தம் படையைப் பிரித்து, ஒரு பகுதியோடு வேறு திசையில் சென்றிருந்தார். பாசறையில் இருந்தவருள் 1,300 பேருக்கு மேல் மாண்டனர். அவருள் பிரிட்டிஷார் பக்கம் போரிட்ட ஆப்பிரிக்கர் சில நூற்றுவர். ஈட்டியும் கேடயமும் பெரும்பான்மையாக ஏந்திய படையிடம் புதுமுறைத் துப்பாக்கி ஏந்திய படை இத்தகைய தோல்வியுற்றது பேரரசையே அதிரச் செய்தது.

அன்று பிற்பகல், ஜூலு படையின் சேமப் பிரிவு ஆற்றைக் கடந்து நேட்டால் பக்கம் இருந்த ரோர்க்ஸ் டிரிப்ட் என்னும் ஆற்றுத்துறை நிலையத்தைத் தாக்கியது. அங்கே இருந்தவர் நோயாளிகள் உட்பட ஏறத்தாழ 150 பேர். தாக்கியவர் மூவாயிரம் முதல் நாலாயிரம் பேர். மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கோத்துப் பெட்டிகளையும் அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டு, உள்ளிருந்தவர் இரவெல்லாம் போரிட்டு நின்றனர். விடிந்தபோது ஜூலு படை விலகிச் சென்றது. பிரிட்டிஷார் பக்கம் மாண்டவர் 17 பேர். சுற்றிலும் எண்ணப்பட்ட ஜூலு உடல்கள் 350 அளவில். காத்து நின்றவருள் 11 பேருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ‘ஜூலு’ படத்தின் கதை இந்த ஓர் இரவுதான்.

அதன் பின் நடந்ததும் சொல்லத் தக்கது. 1879 சூலை 4ஆம் நாள் உளுண்டியில் ஜூலு படை முறியடிக்கப்பட்டது. மன்னன் சிறைப்பட்டான். நாடு 13 சிறு தலைமைகளாகத் துண்டாடப்பட்டது. 1882இல் மன்னன் இலண்டன் சென்று விக்டோரியா அரசியைக் கண்டு நியாயம் கேட்டான், அடுத்த ஆண்டு குறைந்த நிலத்தோடும் குறைந்த அதிகாரத்தோடும் திரும்ப அமர்த்தப்பட்டான், 1884இல் இறந்தான். 1887இல் ஜூலு நாடு பிரிட்டிஷ் உடைமையாயிற்று.

படத்தின் கைத்திறன்

இனிப் படத்தின் சிறப்பைக் கூறுவோம். எண்ட்பீல்டு அமெரிக்கர். இடதுசாரி என்னும் ஐயத்தால் தம் நாட்டுத் திரையுலகில் தொழில் மறுக்கப்பட்டு இங்கிலாந்து வந்தவர். எளியவரை இகழும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதைப் படமே காட்டும்.

டிராக்கன்ஸ்பர்க் மலைச்சாரலில் படப்பிடிப்பு நடந்தது. நெடிய மலைச்சுவரும் பச்சைப் புல்வெளியும் திரை முழுதும் விரிகின்றன. அவற்றின் நடுவே செங்கோட்டு அணிந்த மனிதர் எறும்பளவில் தெரிகின்றனர். எதிரிப் படை கண்ணுக்குப் படுவதற்கு முன் செவிக்குப் படுகிறது. தொலைவில் புகைவண்டி வருவது போன்ற ஓர் ஓசை. கேடயத்தில் ஈட்டி மோதும் ஓசையே அது. பின்பு மலைமுகட்டின் நெடுங்கோட்டிலே ஒருவர் பின் ஒருவராக வீரர் எழுகின்றனர். ஒரு சொல்லும் இல்லாமல் அச்சத்தைக் காண்போர் நெஞ்சில் விதைக்கும் இக்காட்சி, காலத்தை வென்று நிற்பது.

ஜூலு வீரரை வெறிகொண்ட கூட்டமாகவும் படம் காட்டவில்லை. எருமைக் கொம்பு போல இருபுறமும் விரிந்து வளைக்கும் அவர்தம் போர்முறையை அடெண்டார்ப் என்னும் பாத்திரம் மண்ணில் கோடிட்டு விளக்குகிறான். மாண்டுபோன ஆப்பிரிக்கத் துணைப்படையினரைக் கோழைகள் என்று பிராம்ஹெட் இகழும்போது, அவர்கள் உங்கள் பக்கம் நின்றல்லவா இறந்தார்கள் என்னும் கருத்துப்பட அவனே கடிந்துரைக்கிறான். தம் உயிரை இழந்து எதிரியின் துப்பாக்கித் தொகையை அளந்து பார்க்கும் முதல் அணியின் துணிவையும் படம் காட்டுகிறது. இறுதித் தாக்குதலில், மூன்று வரிசையாய் நின்று மாறி மாறிச் சுடும் துப்பாக்கிகளின் முன் உடல்கள் குவிகின்றன. சுடுவது நின்றதும் ஒலியற்ற அமைதி. வெற்றி பெற்ற இளம் அதிகாரி தன் நெஞ்சில் வெட்கமும் அருவருப்பும் நிறைந்திருப்பதை வெளிப்படையாகச் சொல்கிறான். பேரரசின் பெருமை பாடுவதற்கென்றே எடுத்த படமாயின் இவ்விடம் அதில் இருந்திராது. மைக்கேல் கெய்ன் என்னும் நடிகர் முதன்முதலில் பெரும்புகழ் பெற்றது இந்தப் பிராம்ஹெட் பாத்திரத்தால்தான்.

வஞ்சியை மறைத்த நொச்சி

குறை எங்கே? தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டே அதனைக் காட்டலாம். மண்ணாசையால் ஒரு வேந்தன் மற்றொருவன் நாட்டின்மேற் செல்வது வஞ்சி; மதிலை முற்றுவது உழிஞை. உழிஞைக்குள் அடங்கியிருந்த மதில் காத்தலைப் பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி எனத் தனித் திணையாக்கிற்று. ஒரே போரில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். எந்தத் திணையில் கதையைத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே கேட்பவன் நெஞ்சம் யார் பக்கம் சாயும் என்பது அமையும்.

‘ஜூலு’ படம் நொச்சியில் தொடங்கி நொச்சியிலேயே முடிகிறது. பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடந்து பிறர் நாட்டுக்குள் சென்ற வஞ்சி, பதினொரு நாளுக்கு முந்தியது. படத்தில் அது இல்லை. எல்லைக் குழுவின் முடிவும் இல்லை. முப்பது நாள் தவணையும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் ரிச்சர்டு பர்ட்டனின் குரல், இசாண்டுல்வானாவில் படை அழிந்ததைத் தெரிவிக்கும் கடிதத்தைப் படிக்கிறது. மாண்டவரின் துப்பாக்கிகளை ஜூலு வீரர் எடுப்பது தெரிகிறது. போர் இங்கேதான் தொடங்கியது போலவும், அதனைத் தொடங்கியவர் ஜூலு மக்கள் போலவும் ஒரு தோற்றம் எழுகிறது. அத்தோற்றத்தை உண்டாக்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொடக்கத்தைச் சிறிது பின்னே தள்ளியதே போதுமாயிற்று.

அதன் பின் கேமரா மூட்டைச் சுவருக்குள் வைக்கப்படுகிறது. காண்பவனும் அச்சுவருக்குள் அகப்பட்டுவிடுகிறான். எத்தனை தோட்டா மிச்சம், எந்தப் பக்கம் சுவர் தாழ்ந்திருக்கிறது, மருத்துவமனைக் கூரையில் பற்றிய தீ எங்கே பரவுகிறது என்பதே அவன் கவலை. ஒரு காலத்தில் அதே பேரரசின் கொடிக்கீழ் வாழ்ந்த நாட்டில் பிறந்த சிறுவனும், இப்படத்தைக் காணும் இரண்டேகால் மணி நேரமும் செங்கோட்டு வீரனின் தோட்டாவையே எண்ணிக்கொண்டிருப்பான். தன் பாட்டன்மார் சுவரின் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்னும் எண்ணமே அவனுக்கு எழாது. கலையின் வலிமைக்கும் அதனால் விளையக்கூடிய தீங்குக்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

படத்தில் ஓர் இளம் வீரன், நமக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்கிறான். நாம் இங்கே இருக்கிறோம், வேறு யாரும் இல்லை, அதனால்தான் என்னும் பொருள்பட மூத்தவர் விடை கூறுகிறார். போர்வீரனின் கடமைக்கு அவ்விடை போதும். ஆனால் இங்கே ஏன் வந்தோம் என்பது அடுத்த கேள்வியல்லவா? அதனைக் கேட்கப் படம் தயங்குகிறது.

பெயரில்லாத நாலாயிரவர்

இரண்டாவது குறை பெயர் பற்றியது. சார்டு, பிராம்ஹெட், போர்ன், ஹூக், ஹிட்ச், ஆலன், ஓவன் எனச் சுவருக்குள் இருந்தவர் பெயர்கள் காண்போர் மனத்தில் பதிகின்றன. ஒருவன் பாடுவான், ஒருவன் கன்றுக்குட்டிக்காக வருந்துவான், ஒருவன் வேலைக்கு ஒளிவான். சுவருக்கு வெளியே இருந்த நாலாயிரவருள் மனத்தில் பெயரோடு நிற்பவன் ஒருவனும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் வந்து போகும் மன்னன் செட்சுவாயோ மட்டுமே விலக்கு.

உண்மையில் வெளியே இருந்த கதை உள்ளே இருந்த கதைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆற்றைக் கடந்து நேட்டால் மண்ணில் கால்வைக்கக்கூடாது என்பது மன்னன் ஆணை. தன் நாட்டைக் காப்பதே அவன் நோக்கம். பிறர் நாட்டைத் தாக்கினால் நியாயம் போய்விடும் என்பதை அவன் அறிந்திருந்தான். சேமப் படையை நடத்திச் சென்ற தாபுலமான்சி மன்னனின் மாற்றாந்தாய்வழி உடன்பிறப்பு. இசாண்டுல்வானாவின் பெருவெற்றியில் பங்கு கிடைக்காத வீரரோடு, மன்னன் ஆணையை மீறி அவன் ஆற்றைக் கடந்தான். புகழாசை ஒருபுறம், அரசாணை மறுபுறம். காலை வெற்றி கண்ட இனம் மாலையில் இடறி விழும் அவலம். நாடகமாக்க விரும்புவோர்க்கு இதனினும் வளமான கதைக்கரு எங்கே கிடைக்கும்? படமோ இதில் ஒரு வரியையும் தொடவில்லை. போதாக்குறைக்கு, இசாண்டுல்வானாவில் கைப்பற்றிய புதுத் துப்பாக்கிகளால் அவர்கள் சுடுவதாகவும் காட்டிற்று. சேமப் பிரிவு அக்களத்துப் பெரும்போரில் கலந்துகொள்ளவே இல்லை. அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பழைய துப்பாக்கிகளே.

பாடாத வாழ்த்தும் காட்டாத கொலையும்

படத்தின் முடிவில் ஜூலு வீரர் மீண்டும் மலைமேல் தோன்றுகின்றனர். இனித் தாக்கினால் பிழைப்பதற்கில்லை என்று உள்ளே இருப்பவர் கலங்குகின்றனர். ஆனால் வந்தவர் கேடயம் உயர்த்தி, வீரருக்கு வீரர் செலுத்தும் வாழ்த்தைப் பாடிவிட்டுச் செல்கின்றனர். காண்போர் கண் கலங்கும் காட்சி.

அப்படி ஒரு வாழ்த்து நிகழவே இல்லை. செம்ஸ்போர்டின் எஞ்சிய படை வருவதைக் கண்டு ஜூலு வீரர் விலகினர். அதன் பின் நடந்தது வேறு. களத்தில் காயம்பட்டுக் கிடந்த ஜூலு வீரர் பலர் கொல்லப்பட்டனர். முந்தின நாள் தம் தோழர் அடைந்த முடிவைக் கண்டு வந்த படையினரின் சினம் அச்செயலை விளக்கலாம், மாற்றிவிடாது. படத்தில் உதவிப் படையும் வரவில்லை. அந்தக் கொலைகளும் இல்லை. அவை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வாழ்த்துப்பாட்டு இருக்கிறது.

இதனைத் தமிழ் மரபோடு ஒப்புநோக்குவது பயன் தரும். வெண்ணிப் போரில் கரிகாற் சோழன் வென்றான். சேரன் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர் வென்ற கரிகாலனை நோக்கியே, நின்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்னும் கருத்தமையப் பாடினார். அங்கே வென்றவன் அவையில் தோற்றவன் புகழ் ஒலித்தது. இங்கோ தோற்றவர் வாயினாலேயே வென்றவர் புகழ் பாடுவிக்கப்படுகிறது. பெருந்தன்மை போலத் தோன்றும் இக்காட்சியில் பெருந்தன்மையின் செலவை ஏற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். தோற்றவர் மன்னித்துவிட்டார்கள் என்று வென்றவரே எழுதிக்கொண்ட சீட்டு அது.

தன்னவர்க்கும் இழைத்த தவறு

நாடகத்துக்காக வரலாற்றை வளைப்பவர் எதிரியை மட்டும் வளைப்பதில்லை. ஹென்றி ஹூக் என்னும் வீரன் படத்தில் குடிகாரன், வேலைக்கள்வன், நெருக்கடியில் திருந்துபவன். உண்மை ஹூக்கோ குடியைத் தொடாதவர், நன்னடத்தை உடையவர், எரியும் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளைக் காத்து விக்டோரியா சிலுவை பெற்றவர். இச்சித்திரிப்புக் கண்டு அவர் குடும்பத்தார் மனம் நொந்தனர். சமயத் தொண்டர் ஓட்டோ விட் படத்தில் வயது வந்த மகளோடு வரும் முதிய குடிகாரர். உண்மையில் அவர் சிறு குழந்தைகளையுடைய இளைஞர். நிலையத்தைவிட்டு ஓடாமல் அங்கேயே அரண் அமைத்து எதிர்ப்பதே நலம் என்று வற்புறுத்தியவர் பண்டகசாலை அலுவலர் டால்ட்டன். படத்தில் அவர் பெருமை மங்கிவிடுகிறது. முதிர்ந்த தோற்றத்தோடு கம்பீரமாக நிற்கும் சார்ஜெண்டு போர்ன், அன்று 24 வயதினரே.

வேல்ஸ் நாட்டுப் பாடலைப் பாடி ஜூலு முழக்கத்துக்கு எதிர்முழக்கம் செய்யும் காட்சியும் கற்பனையே. அப்படைப்பிரிவுக்குத் தென் வேல்ஸ் பெயர் வந்தது 1881இல்தான்; 1879இல் அது வார்விக்சயர் என்னும் ஆங்கிலப் பகுதியின் பெயரோடு இருந்தது. தயாரிப்பாளர் பேக்கர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்தவர். தம் மண்ணுக்கு ஒரு மாலை சூட்ட அவர் விரும்பியது இயல்பே. ஒடுக்கப்பட்ட வேல்ஸ் உழைப்பாளிக்கு இவ்வளவு பரிவு காட்டிய படம், அதே பரிவைச் சுவருக்கு வெளியே நீட்டவில்லை என்பதே வருத்தம்.

இவ்வதிகாரிகள் எங்கோ தொலைவில் வாழ்ந்து மறைந்தவர் என்று எண்ணிவிடக்கூடாது. பிராம்ஹெட் 1891இல் இந்தியாவில், அலகாபாத்தில், காய்ச்சலால் இறந்தார். சார்டு 1890களில் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் இராணுவப் பொறியாளர் பிரிவின் தலைவராகப் பணியாற்றினார். ஜூலு நாட்டையும் இந்தியாவையும் மலாயா நீரிணையையும் ஒரே படைதான் காத்தது; ஒரே படைதான் ஆண்டது.

‘ஜூலு விடியல்’

முதற்படம் விட்ட இடத்தை நிரப்ப முயன்றது 1979இல் வெளிவந்த ‘ஜூலு டான்’, அதாவது ‘ஜூலு விடியல்’. போரின் நூற்றாண்டு நிறைவில் வந்த இப்படத்தின் திரைக்கதையிலும் எண்ட்பீல்டுக்குப் பங்குண்டு. இயக்கியவர் டக்ளஸ் ஹிக்காக்ஸ். தாம் முன்பு சொல்லாது விட்டதை எண்ட்பீல்டே பின்னர் உணர்ந்தார் போலும்.

இங்கே கதை வஞ்சியில் தொடங்குகிறது. ஜான் மில்ஸ் நடித்த பிரியரும் பீட்டர் ஓ டூல் நடித்த செம்ஸ்போர்டும் போரைத் திட்டமிடுவது தெரிகிறது. போரைக் கண்டிக்கும் நேட்டால் பிஷப் கொலென்சோவும் வருகிறார். முதற்படத்தில் ஆடல் தலைவனாக வந்த சைமன் சபேலா இதில் மன்னன் செட்சுவாயோவாகிறார். மன்னனுக்குச் சொல்லவேண்டிய சொல்லும் இருக்கிறது. பர்ட் லங்காஸ்டர் நடித்த டர்ன்போர்டு, ஜூலு மக்கள்பால் பரிவுடையவராயிருந்தும் அவர்களுக்கு எதிராகவே போரிட்டு மடிகிறார். உண்மை டர்ன்போர்டு அந்த எல்லைக் குழுவில் உறுப்பினராயிருந்து ஜூலு பக்கம் நியாயம் கண்டவர் என்பதை நினைத்தால் அவலம் மிகும்.

ஆனால் படமாக இது முந்தையதற்கு நிகராகவில்லை. பெரிய நடிகர் பலர் வருகின்றனர். ஒருவர் மனத்துள்ளும் கதை இறங்கவில்லை. தோட்டாப் பெட்டிக்காக வீரர் வரிசையில் காத்து நிற்பதையே தோல்விக்குக் காரணம் போலக் காட்டுகிறது. போர்வரிசை அளவுக்கு மீறி அகன்று மெலிந்ததே முதன்மைக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் பின்னர்க் காட்டினர். ஜூலு படையின் பெருவெற்றியைச் சொல்ல வந்த படம், முடிவில் அரசியின் கொடி எதிரி கையில் சிக்காமல் ஆற்றில் வீழ்வதில் கவனத்தைச் செலுத்திவிடுகிறது. பொருளிழப்போடு முடிந்த இப்படத்தைப் பலர் மறந்துவிட்டனர்.

உண்மையைப் பெரும்பாலும் சொன்ன படம் மறக்கப்பட்டது. பாதியை மறைத்த படம் வாழ்கிறது. மக்கள் உண்மையை வெறுப்பவர் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. உண்மைக்கும் கலைத்திறன் வேண்டும் என்பதே பொருள். சான்றுகள் அனைத்தையும் அடுக்கிவிட்டால் உண்மை தானே ஒளிவிடும் என்று எண்ணும் எழுத்தாளரும் ஆசிரியரும் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கத் தடைசெய்யப்பட்டவர்

‘ஜூலு’ படத்தில் செட்சுவாயோவாக நடித்தவர் மங்கோசுத்து புத்தெலேசி. இவர் தாய்வழியில் அம்மன்னனின் கொள்ளுப்பேரர். பின்னாளில் ஜூலு மக்களின் அரசியல் தலைவராகி, 1994 முதல் 2004 வரை தென்னாப்பிரிக்க உள்துறை அமைச்சராயிருந்து, 2023இல் மறைந்தவர். போரிட்டவர்களின் பேரரும் கொள்ளுப்பேரருமாகிய ஜூலு மக்கள் சில நூற்றுவர் தம் முன்னோராகவே அப்படத்தில் நடித்தனர்.

படம் வெளிவந்தபோது தென்னாப்பிரிக்காவை ஆண்டது நிறவெறி அரசு. நடித்தவர்களுக்கென நடந்த சில தனிக்காட்சிகள் தவிர, கறுப்பின மக்கள் இப்படத்தைப் பார்க்க அது தடை விதித்தது. வெள்ளையரை எதிர்த்துப் படையாகத் திரண்டு நிற்கும் கறுப்பரின் காட்சியை அவர் காண்பது ஆபத்து என்று அரசு எண்ணியது. இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. சுவருக்குள் வைக்கப்பட்ட கேமராவும் சுவருக்கு வெளியே நின்றவனின் கம்பீரத்தை முழுதும் மறைக்க முடியவில்லை. தோற்றவரின் கொள்ளுப்பேரன் அதைக் கண்டால் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குவான் என்பதை அந்த அரசு திறனாய்வாளரைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தது.

காயத்துக்குக் கட்டு

நேட்டாலின் கதை தமிழர்க்கு அந்நியமானதன்று. நேட்டால் வெள்ளையர் கரும்புத் தோட்டங்களை அமைத்தபோது, தம் நிலமும் மாடும் உடைய ஜூலு மக்கள் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து கொணரப்பட்டனர். ‘ட்ரூரோ’ என்னும் முதற்கப்பல் சென்னையிலிருந்து சென்று 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. ஜூலு போர் நடந்தபோது தமிழ்க் கூலிகள் அம்மண்ணில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். மலாயாவின் தோட்டப்புறத்தார்க்கு இக்கதையின் பிற்பகுதியை விளக்க வேண்டியதில்லை.

1906இல், பம்பாத்தா என்னும் தலைவனின் கீழ் ஜூலு மக்கள் வரிக்கொடுமையை எதிர்த்து எழுந்தனர். அப்போது ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்துவந்த காந்தியடிகள் இந்தியர் இருபதின்மருக்குச் சற்றே மிகுந்த ஒரு தொண்டர் படையோடு களம் சென்றார். அவருள் பலர், தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று விடுதலை பெற்றவர். காயம்பட்ட ஜூலு மக்களுக்கு மருத்துவம் செய்ய வெள்ளையர் முன்வராத நிலையில், கசையடிபட்ட புண்களைக் கழுவிக் கட்டியவர் இவர்களே. பேரரசின் பக்கம் சேவை செய்யச் சென்ற காந்தியடிகளின் மனத்தை, நியாயம் யார் பக்கம் என்னும் ஐயம் உலுக்கியது அங்கேதான். ரோர்க்ஸ் டிரிப்ட் பற்றிய படம் எந்தக் காயத்தைக் காட்டாமல் விட்டதோ, அந்தக் காயத்துக்கே 27 ஆண்டுகள் கழித்துத் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளியின் கை கட்டுப் போட்டது. இதை எந்தப் பேரரசுப் படமும் எடுக்கவில்லை.

ஆசிரியர் செய்யத் தக்கது

இத்தகைய படங்களை மாணவர் பார்க்கக்கூடாது என்று தடுப்பது பயனற்றது. தடைசெய்த நிறவெறி அரசும் நிலைக்கவில்லை. ‘ஜூலு’ படத்தை மாணவர் பார்க்கலாம். அதன் அழகில் மகிழலாம். சுவர் காத்தவரின் துணிவை மெச்சவும் செய்யலாம். துணிவு எந்தப் பக்கம் இருந்தாலும் துணிவே. பார்த்து முடித்தபின் ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கதை எந்த நாளில் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தது என்ன? கேமரா சுவரின் எந்தப் பக்கம் இருக்கிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?

இம்மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகிய மாணவன், நாளை பரணியைப் படிக்கும்போதும் கேட்பான். கலிங்கத்தானுக்கு என்ன பெயர், அவன் வீட்டில் யார் அழுதார்கள் என்பான். அக்கேள்வியால் செயங்கொண்டாரின் கவிதை சிறிதும் குறையாது. படிப்பவன் மனம் ஒரு சாண் அகலும். வென்றவன் பாட்டைச் சுவைக்கவும், அந்தப் பாட்டினூடே தோற்றவன் மூச்சைக் கேட்கவும் ஒருசேரப் பயில்வதே இலக்கியக் கல்வி. ரோர்க்ஸ் டிரிப்டின் மூட்டைச் சுவருக்கு வெளியே விழுந்து கிடந்த 350 பேருக்கும் பெயர் இருந்தது.